கால் போனது கத்தியாலா, காலதாமதத்தாலா?

போன மழைக்காலத்தில், மும்பையில் நம் குடியிருப்பில் ஒரே சந்தில் இரண்டு வீட்டில் இரண்டு பேருக்குக் காலில் புண் வந்தது. இருவரும் நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர்கள். இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். இருவருக்கும் பத்தாண்டுக்கு மேலாகச் சர்க்கரை வியாதி. ஒருவர் சைக்கிளில் இட்லி விற்பவர். இன்னொருவர் தோல் பட்டறையில் வேலை செய்தவர்.

இன்று இட்லிக்காரர் இடது காலில் இரண்டு விரல் இல்லாமல், ஆனாலும் தன் இரண்டு காலிலும் நடந்து வியாபாரத்துக்குப் போகிறார். பட்டறைக்காரர் முழங்காலுக்கு மேலே ஒரு காலை இழந்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து சந்தில் போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெயர்கள் வேண்டாம். "எழுதுங்கள், நாலு பேருக்காவது பயன்படட்டும்" என்று இருவருமே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

சந்தில் எல்லோரும் இதை விதி என்கிறார்கள். நான் கேட்கிறேன்: ஒரே சந்து, ஒரே நோய், ஒரே வயது, விதி மட்டும் வீட்டுக்கு வீடு மாறுமா? மாறியது விதி அல்ல தோழர்களே, நாட்கணக்கு. இட்லிக்காரர் புண்ணைக் கண்ட இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பட்டறைக்காரர் பதினேழாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

பதினேழு நாள் கணக்கு

முதல் நாள், பட்டறையில் சிதறிக் கிடந்த சின்ன ஆணி ஒன்று ரப்பர் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியது. அவருக்குத் தெரியவே இல்லை. மாலையில் வீட்டுத் தரையில் ரத்தக் கறையைப் பார்த்து மனைவிதான் கேட்டார். செருப்பைக் கழற்றினால் ஆணியும் கூடவே வந்தது. "வலிக்கவே இல்லை, சும்மா இரு" என்றார். மஞ்சளும் காபித்தூளும் வைத்துக் கட்டினார்கள்.

மூன்றாம் நாள் வீங்கியது. மருந்துக் கடையில் நாலு மாத்திரை வாங்கினார். பீஸ் கணக்கு வேலை, பண்டிகை ஆர்டர் நேரம். லீவு போட்டால் கூலி கிடையாது. வேலைக்குப் போனார். ஏழாம் நாள் நாற்றம் அடித்தது. தெருமுனை டாக்டர் ஊசி போட்டு, புண்ணைச் சுற்றித் துணி கட்டி அனுப்பினார். வெளியே வெள்ளைத் துணி, உள்ளே சீழ்.

பத்தாம் நாள் குளிர்காய்ச்சல். வீக்கம் கணுக்காலைத் தாண்டியது. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றான் மகன். "போனால் காலை எடுத்துவிடுவார்கள்" என்றது சந்து. "ஊருக்குப் போய்விட்டால் நம்ம பாஷையில் சொல்லலாம், நம்ம ஆட்கள் இருக்கிறார்கள்" என்றார்கள் பெரியவர்கள். டிக்கெட் கிடைக்க மூன்று நாள். ரயிலில் ஒன்றரை நாள், காலைத் தொங்கப் போட்டபடி. ஊரில் முதலில் போனது தனியார் ஆஸ்பத்திரி; அங்கே கேட்ட முன்பணத்தைப் புரட்ட இரண்டு நாள். புரட்ட முடியாமல் பதினேழாம் நாள் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பாதம் கருத்து, முழங்கால்வரை சிவந்து, நினைவு தடுமாறிக்கொண்டிருந்தது. அன்று இரவே முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். எடுத்திராவிட்டால் ஆளே இருந்திருக்க மாட்டார். அந்த டாக்டர்களை நான் ஒரு சொல் குறை சொல்லமாட்டேன்.

இந்தக் கணக்கை மறுபடி பாருங்கள். இதில் எந்த நாளும் அறிவில்லாதவன் கழித்த நாள் அல்ல. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. கூலி போய்விடும் என்ற காரணம். மொழி தெரியாது என்ற காரணம். பணம் இல்லை என்ற காரணம். எல்லாவற்றுக்கும் மேலே, "ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள்" என்ற பயம். அந்தப் பயம்தான் கடைசியில் காலை எடுத்தது.

இரண்டு விரலோடு தப்பிய கால்

இட்லிக்காரர் கதையைக் கேளுங்கள். அவர் மனைவியின் அண்ணன் இதே வியாதியில் காலை இழந்தவர். அதனால் அந்த அம்மா தினமும் இரவில் புருஷன் காலை விளக்கடியில் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். ஒரு நாள் விடியற்காலையில் பாய் எல்லாம் ரத்தம். தூங்கும்போது எலி வந்து விரலைக் கடித்திருக்கிறது. மரத்துப்போன விரல், தெரியவில்லை. மறுநாள் விரல் இடுக்கில் சீழ், பாதத்தின் மேலே வீக்கம். அந்த அம்மா யாரிடமும் யோசனை கேட்கவில்லை. சங்கத்துக்கு வந்து, "ஆஸ்பத்திரியில் பேச ஓர் ஆள் வேண்டும்" என்று கேட்டார். நான் போனேன்.

இரவு எட்டு மணிக்கு நம்மிடம் ஒரு படிவத்தை நீட்டினார்கள். இந்தியிலும் மராத்தியிலும் இருந்தது. சீழை எடுக்க ஆபரேஷன் செய்யச் சம்மதம், தேவைப்பட்டால் விரலையோ காலையோ எடுக்கவும் சம்மதம் என்பது அதன் பொருள். இந்த இடத்தில்தான் நம் ஆட்களில் பலர் எழுந்து ஓடிவிடுகிறார்கள். "காலை எடுக்கக் கையெழுத்துக் கேட்டார்கள்" என்று வெளியே வந்து சொல்கிறார்கள். சந்தில் சுற்றும் பயம் இப்படித்தான் பிறக்கிறது. நான் டாக்டரிடம் திருப்பிக் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "காலைக் காப்பாற்றத்தான் இந்த ஆபரேஷன். இன்று இரவு செய்தால் விரலோடு போகும். நாளைக்கு என்றால் எனக்கே தெரியாது." அதைத் தமிழில் சொன்னேன். கைநாட்டு விழுந்தது.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டுப் பிரித்தபோது அந்த அம்மா அழுதுவிட்டார். இரண்டு விரல் இல்லை; உள்ளங்கால் நீளவாட்டில் பிளந்து, சதை தெரியத் திறந்தே கிடந்தது. தையல் போடவில்லை. "இப்படியா விடுவார்கள்?" என்று கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. டாக்டர் விளக்கியதைச் சொல்கிறேன்.

நம் பாதம் ஒரே சதைக் கட்டி அல்ல. தடுப்புச் சுவர் வைத்த அறைகள் போல உள்ளே பிரிந்திருக்கிறது. விரலை ஆட்டும் நரம்பு என்று நாம் சொல்கிற தசைநாண்கள், குழாய் போன்ற உறைக்குள் ஓடிக் கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் போகின்றன. விரலில் புகுந்த சீழ் அந்த வழியாகவே மேலே ஏறும். வெளியே சின்னத் துளை. உள்ளே சாண் நீளத்துக்கு அழுகல். அந்த அறையில் அழுத்தம் ஏறினால் ரத்த ஓட்டம் நின்று சதை செத்துப்போகும். செத்த சதைக்குள் மருந்து போகாது. எவ்வளவு விலை உயர்ந்த ஊசியானாலும் ரத்தம் போகிற இடத்துக்குத்தான் போகும். அதனால்தான் முதலில் கத்தி. அறைகளைத் திறந்து சீழை வடித்து, செத்ததை எல்லாம் செதுக்கி எடுத்துவிடுகிறார்கள். மேலே தையல் போட்டு மூடினால், திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியது போல ஆகும்.

ஒரு முறையோடு முடியவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோய், மிச்சமிருந்த செத்த சதையை எடுத்தார்கள். ஆழத்திலிருந்து எடுத்த சதைத் துணுக்கைச் சோதனைக்கு அனுப்பி, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்து மருந்தை மாற்றினார்கள். எலும்பில் சீழ் ஏறியிருக்கிறதா என்று படம் எடுத்தார்கள். எலும்பு கெட்டு, அதை எடுக்காமல் விட்டால் ஆறு வாரம்வரை மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். மாத்திரையை நிறுத்தி இன்சுலின் கொடுத்தார்கள். பாதத்தின் மேல் நாடி துடிக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்து, கையின் ரத்த அழுத்தத்தையும் கணுக்காலின் ரத்த அழுத்தத்தையும் ஒப்பிட்டார்கள். அவருக்கு ரத்த ஓட்டம் இருந்தது. இல்லாதவர்களுக்கு அடைபட்ட குழாயைப் பலூன் விட்டுத் திறக்கவோ, வேறு குழாய் வைத்து மாற்றுவழி போடவோ வேண்டும். அதைச் செய்யாமல் எத்தனை கட்டு மாற்றினாலும் புண் ஆறாது. பீடி குடிக்கிற தோழர்கள் இந்த வரியை இரண்டாம் முறை படிக்கவும். குழாயை அடைப்பதில் சர்க்கரைக்குப் பீடி உடந்தை.

பிறகு புண்ணின் மேல் பஞ்சு வைத்து, காற்றுப் புகாமல் ஒட்டி, மோட்டாரில் நீரை உறிஞ்சும் கட்டு. மூன்று வாரத்தில் பள்ளம் தூர்ந்து, செக்கச்செவேல் என்று புதுச்சதை எழும்பியது. அப்போது தொடையிலிருந்து மெல்லிய தோல் சீவி எடுத்து அதன் மேல் ஒட்டினார்கள். அதற்கு அப்புறம்தான் கடினமான பகுதி: காலை ஊன்றக் கூடாது. ஊன்றினால் ஆறியது கிழியும். பாதத்தின் அமைப்பை ஒட்டி, பாரம் ஒரே இடத்தில் விழாமல் பரவுகிற மாதிரி மாவுக்கட்டுப் போட்டார்கள். எல்லாம் சேர்த்து நாலு மாதம்.

எல்லாக் காலையும் இப்படிக் காப்பாற்ற முடியும் என்று பொய் சொல்லமாட்டேன். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டால், ரத்தக் குழாய் எங்குமே திறக்க வழியில்லை என்றால், உயிருக்காகக் காலைக் கொடுக்கத்தான் வேண்டும். அப்போதும் முழங்காலைக் காப்பாற்ற முடிந்தால் அது பெரிய லாபம். முழங்கால் இருக்கிறவன் செயற்கைக் காலோடு நடந்து வேலைக்குப் போவது எவ்வளவோ எளிது. விரல், பாதி பாதம், கணுக்கால், முழங்காலுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே: இவை படிகள். நாம் கழிக்கும் ஒவ்வொரு நாளும் கத்தியை ஒரு படி மேலே ஏற்றுகிறது.

வலி இல்லாத கால், வேலூர் சொன்ன பாடம்

ஆணி ஏறியும் எலி கடித்தும் ஏன் வலிக்கவில்லை? பல ஆண்டு கட்டுப்படாத சர்க்கரை, காலின் உணர்வு நரம்புகளைக் கெடுத்துவிடுகிறது. முதலில் எரிச்சல், ஊசி குத்துகிற மாதிரி. பிறகு பஞ்சில் நடக்கிற மாதிரி. பிறகு ஒன்றுமே இல்லை. "இப்போது எரிச்சல் எல்லாம் போய்விட்டது, குணமாகிவிட்டது" என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நெருப்பு அணைந்ததால் வந்த அமைதி அல்ல அது. காவற்காரன் செத்ததால் வந்த அமைதி.

இந்த உண்மை உலகத்துக்குத் தெளிவானதில் நம் தமிழ் மண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. 1914-ல் கொல்லிமலையில் பாதிரியார் குடும்பத்தில் பிறந்த பால் பிராண்ட், இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அவர் நோயாளிகளோடு பழகிப் பார்த்துக் கண்டுகொண்டது வேறு: உணர்வு போனதால் சூடும் வெட்டும் தேய்மானமும் தெரியாமல், காயத்தின் மேல் காயம் பட்டுத்தான் விரல்கள் போகின்றன. இரவில் எலி கடித்துப் போன விரல்களும் உண்டு என்று தெரிந்ததும், சிகிச்சை முடிந்து போகிறவர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்பும், பாரத்தைப் பரப்பும் மாவுக்கட்டும் அங்கே அன்றாடச் சிகிச்சை ஆயின. 1966-ல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, அதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் பொருந்தும் என்று காட்டினார். உலகத்தின் பெரிய ஆஸ்பத்திரிகளில் இன்று போடும் அந்த மாவுக்கட்டில் வேலூரின் அனுபவம் இருக்கிறது. வேலூரைத் தாண்டி ரயிலேறி வந்த நாம்தான் அதை அறியாமல் காபித்தூள் அப்பிக்கொண்டிருக்கிறோம்.

உணர்வு இருக்கிறதா என்று பார்க்க இயந்திரம் வேண்டாம். நோயாளி கண்ணை மூடிக்கொள்ளட்டும். வீட்டில் ஒருவர் ஆள்காட்டி விரலால் அவருடைய கால் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஓரிரு விநாடி மெல்லத் தொடவேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. இரண்டு காலிலும் ஆறு விரல். அந்த ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், அந்தக் காலுக்குக் காவல் இல்லை என்று பொருள். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரத்து மருத்துவர்கள் வகுத்த முறை இது. நம் வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளே செய்யலாம்.

கால் ஒரு கூலிப் பிரச்சினை

"சர்க்கரை பணக்கார வியாதி" என்கிற பழைய பேச்சை இன்னும் கேட்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி. இத்தனை பேரும் பங்களாவாசிகளா? ஆய்வாளர்கள் உலக அளவில் சொல்கிற கணக்கு இது: சர்க்கரை உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை வாழ்நாளில் காலில் புண் காண்கிறார்கள். சர்க்கரை நோயாளிக்கு எடுக்கப்படும் கால்களில் பத்தில் எட்டுக்கு முன்னால் ஒரு சின்னப் புண் இருந்திருக்கிறது. பெரிய அளவில் கால் எடுக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். சின்னப் புண் என்று யார் சொன்னது?

1989-ல் இத்தாலியில் செயின்ட் வின்சென்ட் என்ற ஊரில் ஐரோப்பிய நாடுகளின் சுகாதாரத் துறையினரும் நோயாளிச் சங்கத்தினரும் கூடி, சர்க்கரையால் கால் வெட்டப்படுவதைப் பாதியாகக் குறைப்பது என்று ஐந்தாண்டு இலக்கு வைத்தார்கள். இலக்கு எல்லா இடத்திலும் நிறைவேறியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கால் போவது தனி ஆளின் தலையெழுத்து அல்ல, அரசு கணக்குச் சொல்லவேண்டிய விஷயம் என்பதை அன்றே ஒப்புக்கொண்டார்கள். நம் வார்டில் ஆண்டுக்கு எத்தனை கால் போகிறது என்று யாரிடமாவது கணக்குக் கேட்டிருக்கிறோமா?

இட்லிக்காரர் கால் தப்பியதற்குக் கத்தி ஒரு பாதி காரணம். மறு பாதி என்ன தெரியுமா? நாலு மாதம் அவர் காலை ஊன்றாமல் இருக்க முடிந்தது. மாநகராட்சி ஆஸ்பத்திரியில் கட்டணம் கொஞ்சம்தான். வயிற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் மனைவியும் மகளும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவாட்டி, மகன் சைக்கிளை எடுத்தான். சங்கத்தில் இருபத்திரண்டு வீட்டில் வசூல் செய்து கொடுத்தோம். இது எத்தனை வீட்டுக்கு வாய்க்கும்? "ஓய்வெடுங்கள்" என்று டாக்டர் எழுதித் தருகிற மருந்து எந்தக் கடையிலும் விற்பதில்லை. அதை வாங்கக் கூலியோடு விடுப்பு வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ல் வந்த இ.எஸ்.ஐ. சட்டம் நோய்க் காலத்தில் கூலியில் ஒரு பகுதி கொடுக்க வழி செய்தது. ஆண்டுக்கு 91 நாள்வரை கூலியில் 70 சதவீதம். 2017-ல் சம்பள உச்சவரம்பை 21,000 ரூபாயாக உயர்த்தினார்கள். ஆனால் ஏட்டில் பெயர் இருந்தால்தானே? பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறை என்று கணக்குக் காட்டி, பத்தாவது ஆளின் பெயரை எழுதாமலே விடுகிற முதலாளிகளை நமக்குத் தெரியாதா? வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று 1979-ல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தக்காரர் தன் செலவில் மருத்துவ வசதி தரவேண்டும், பாதுகாப்பு உடை தரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. 2020-ல் அதை மற்றச் சட்டங்களோடு ஒரே தொகுப்பில் சேர்த்தார்கள். அன்றும் சரி, இன்றும் சரி, நம்மில் எத்தனை பேர் ஒப்பந்தக்காரரிடம் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கியிருக்கிறோம்?

இனி அட்டை. 2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை ஆஸ்பத்திரிச் செலவு. மாநிலம் மாறினாலும் செல்லும் என்று சொல்கிறார்கள். மராட்டிய அரசுக்கும் தனித் திட்டம் இருக்கிறது. ஆனால் நம் குடும்பங்களின் நிலை என்ன? அப்பா பெயர் ஊர் ரேஷன் கார்டில், மருமகள் பெயர் எதிலும் இல்லை, மகன் பெயரில் எழுத்துப் பிழை. இதைச் சரிசெய்ய வேண்டிய நேரம் கால் வீங்குவதற்கு முன்னால். தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" என்று சர்க்கரை மாத்திரையை வீடு தேடிக் கொடுக்கிறார்கள், நல்ல காரியம். வீட்டைத் தேடிப் போனவர்கள், வீட்டை விட்டுப் பிழைக்க வந்தவனையும் கொஞ்சம் தேடட்டும். ஓட்டுக்கு மட்டும் டிக்கெட் போட்டுத் தேடுகிறார்களே!

செருப்பு

செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மில் பலருடைய தாத்தாக்கள் வாழ்ந்த ஊரில், மேல்சாதித் தெருவில் செருப்பணிந்து நடக்க முடியாது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும். அந்த அவமானத்துக்குத் தப்பி வந்த இடங்களில் ஒன்று இந்த நகரம். இங்கே யாரும் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. ஆனாலும் நாமே வெறுங்காலோடு சந்தில் இறங்குகிறோம், மழைத் தண்ணீரில் நடக்கிறோம், திருவிழாவில் வெயில் காய்ந்த தரையில் நிற்கிறோம். மரத்த கால் உள்ளவர் தீமிதிக்கிறார். கொப்புளம் வந்ததுகூடத் தெரியாமல் வீட்டுக்கு வருகிறார். பக்தியை நான் பழிக்கவில்லை. உணர்வுள்ள கால் உள்ளவர் நேர்ந்துகொள்ளட்டும். உணர்வு போனவருக்குச் செருப்பு அலங்காரம் அல்ல, மருந்து. நம் சங்கத்துக் கூட்டத்திலும் இனிமேல் மரத்த கால் உள்ளவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லவேண்டாம் என்று தீர்மானம் போடுவோம்.

இன்னொன்று. ஊருக்கெல்லாம் தோல் சாமான் செய்கிற கைகள் தாராவியில் இருக்கின்றன. மெத்தென்ற நுண்துளை ரப்பர் உள்ளடி, தடித்த வெளியடி, குதிகாலில் பட்டை, ஆணி அடிக்காமல் பசையும் தையலும். இதுதான் மரத்த காலுக்கான செருப்பு. அளவெடுத்துக் கற்றுக்கொடுக்க ஆஸ்பத்திரிகளில் ஆள் உண்டு. செய்ய நம்மிடம் ஆள் உண்டு. ஆணி ஏறிக் கால் இழந்த அந்தப் பட்டறைக்காரரே, "உட்கார்ந்து செய்கிற வேலைதானே, நான் செய்கிறேன்" என்கிறார்.

என்ன கேட்கிறோம், என்ன செய்கிறோம்

மாநகராட்சியிடம் கேட்போம்: சர்க்கரை மாத்திரை கொடுக்கும் ஒவ்வொரு மருந்தகத்திலும் நோயாளியின் செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைப் பாருங்கள். கட்டு மாற்றும் பிரிவை மாலை நேரத்திலும் திறந்து வையுங்கள். காலை பத்து மணிக்குத்தான் என்றால் ஒரு நாள் கூலி போகிறது. சம்மதப் படிவத்தைத் தமிழிலும் அச்சடியுங்கள். எலியை ஒழியுங்கள், குப்பையை அள்ளுங்கள்; அதுவும் கால் வைத்தியம்தான்.

முதலாளியிடமும் ஒப்பந்தக்காரரிடமும் கேட்போம்: ஏட்டில் பெயர், காலுக்குப் பூட்ஸ், புண் வந்தவனுக்குக் கூலியோடு விடுப்பு.

தமிழக அரசிடம் கேட்போம்: அயலகத் தமிழர் நலம் என்று பேசும்போது கடல் கடந்தவனை மட்டும் எண்ணாதீர்கள். ரயிலேறி வந்தவனின் காப்பீட்டு அட்டை இங்கே செல்கிறதா என்று பார்க்க இந்த நகரத்தில் ஓர் ஆளை உட்கார வையுங்கள்.

நமக்குள் செய்ய வேண்டியது இது. தினம் இரவு காலைப் பாருங்கள். விரல் இடுக்கு, உள்ளங்கால், குதிகால். குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கட்டும். ஆணிக்காலைப் பிளேடால் சீவாதீர்கள். சுடுதண்ணீரில் காலை விடாதீர்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். சூடு உங்களுக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும். செருப்பைப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். புண்ணில் சீழ், நாற்றம், கருப்பு, வீக்கம், சிவப்பு, காய்ச்சல் இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. மருந்துக் கடை வேண்டாம், தெருமுனை ஊசி வேண்டாம். முக்கியமாக, ஊருக்கு ரயிலேற வேண்டாம். ஊர் எங்கும் போய்விடாது. ஆறிய காலோடு போகலாம்.

சங்கத்தின் சார்பில் நாலு பேர் முறை வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட வருவோம். இரவு எத்தனை மணியானாலும் கதவைத் தட்டுங்கள். படிவத்தைப் படித்துச் சொல்வோம், டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு மாலை சங்கக் கட்டடத்தில் காலைத் தொட்டுப் பார்க்கும் கூட்டம். வெட்கப்பட ஒன்றும் இல்லை. இந்த நகரத்தின் கட்டடங்களும் சாலைகளும் எழுந்தது அந்தக் கால்களின் மேல்தான்.

முதல் ஞாயிறு வரும்போது பட்டறைக்காரரும் வருவார். மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து முன் வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். "என்னைப் பார்த்தாவது பதினேழு நாள் காத்திருக்காமல் இருக்கட்டும்" என்றார். அவர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. வாருங்கள். செருப்போடு வாருங்கள்.